22 அங்குல வளைவில் 89 அடி ஆட்டோராக்: நான்கு வருட அனுபவம்

நேற்று ராத்திரி என் மாடல் ரயிலில் நான்காவது வண்டியின் கப்ளர் பெட்டியை, அதாவது வண்டிகளைக் கோக்கும் கொக்கி உட்காரும் பெட்டியை, மறுபடியும் ஒட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஊர்க்காரத் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, அந்த ஆட்டோராக் மூணு வண்டி செட் விலை நல்லா எறங்கியிருக்கு. எங்கிட்ட இருக்கிறது 18 அங்குல வளைவுதான். அட்டைப் பெட்டியில 18 போதும்னுதான் போட்டிருக்கான். வாங்கிடவா?" போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் அதே வண்டி எட்டு இருக்கிறது. புதுக் கார்களை அடுக்கடுக்காக ஏற்றிப் போகும் அமெரிக்க வண்டி. மஞ்சள் அடிச்சட்டம், மேலே வெள்ளி நிறத் தகடுகள். நிஜத்தில் 89 அடி, அதில் 87-இல் ஒரு பங்கான எச்.ஓ. மாடல் அளவில் 12¼ அங்குலம். ஓடுவது நியூ ஜெர்சியில் வாடகை வீட்டு பேஸ்மெண்டில், 4க்கு 8 அடி ப்ளைவுட் மேல். 4 அடி அகலப் பலகையில் 22 அங்குல ஆரத்துக்கு மேல் வளைவு போட இடம் கிடையாது. உள்வட்டம் 18.

முதலில் வண்டியின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிஜ ரயில்பாதையில் 10 டிகிரி வளைவு (100 அடி தூரத்தில் 10 டிகிரி திரும்புவது) என்றாலே கடுமையான வளைவு. அதன் ஆரம் 573 அடி. அதை எச்.ஓ.வுக்குச் சுருக்கினால் 79 அங்குலம் வரும். என் 22 அங்குலம் நிஜத்தில் வெறும் 160 அடி. நிஜ ஆட்டோராக்கை அப்படி ஒரு வளைவில் யாரும் இழுக்க மாட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வண்டி நீளத்தைப்போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் கவலையில்லாமல் ஓடும், இரண்டு மடங்கு என்றால் ஏதாவது கைவேலை செய்து ஓட்டலாம். இந்த வண்டிக்கு மூன்று மடங்கு என்பது கிட்டத்தட்ட 37 அங்குலம். நான் இரண்டு மடங்குக்கும் கீழே நிற்கிறேன். தம்பி ஒன்றரை மடங்கில்.

அப்படி இருந்தும் எட்டு வண்டிகளையும் ஒன்றாகக் கோத்து ஓட்டினால் ஓடுகின்றன. நன்றாகவே ஓடுகின்றன. போன வாரம் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினேன், ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் வளைவை முடித்து எதிர்ப்பக்கம் போகும்போது கடைசி வண்டிகள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். வெள்ளித் தகடுகளில் விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கும். இந்தப் பலகையில் நான் ஓட்டிய எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

சிக்கல் பக்கத்து வண்டியில்தான் இருக்கிறது. எட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு 40 அடி பாக்ஸ்காரை, அதாவது மூடிய சரக்கு வண்டியைச் சேர்த்துப் பாருங்கள். முதல் வளைவிலேயே பாக்ஸ்காரின் பின் போகி (வண்டிக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டம்) வெளிப்பக்கம் இறங்கிவிடும். ஒரு மாதம் தண்டவாளத்தைத்தான் சந்தேகப்பட்டேன். மூட்டுகளை அரம் போட்டுத் தேய்த்தேன், சக்கர இடைவெளியை கேஜ் வைத்து அளந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் வண்டியை வளைவில் நிறுத்தி, மேலிருந்து நேராகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆட்டோராக்கின் இரண்டு போகிகளுக்கும் நடுவே 23 சென்டிமீட்டர் இருக்கிறது. அதனால் வண்டியின் நடுப்பகுதி தண்டவாள மையத்திலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. முனை கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் வெளியே போகிறது. பாக்ஸ்காரின் முனை அதே வளைவில் 2 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. இந்த 8 மில்லிமீட்டர் வித்தியாசம் முழுவதையும் ஒரு சின்னக் கப்ளர் தன் கழுத்தைத் திருப்பியே சமாளிக்க வேண்டும். கழுத்து பெட்டியின் ஓரத்தில் போய் இடித்ததும் அதற்கு மேல் திரும்ப வழியில்லை. அப்புறம் அது சின்ன வண்டியைத்தான் தள்ளும்.

இரண்டு ஆட்டோராக்குகள் சேர்ந்தால் இரண்டு முனைகளும் ஒரே அளவு வெளியே போகின்றன. கப்ளர்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, சண்டை இல்லை. நீள வண்டி, குட்டை வண்டிச் சேர்க்கையை நிஜ ரயில்காரர்களும் விதி போட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்த 18 அங்குலம் தனியாக ஒரு வண்டியை உருட்டிப் பார்த்தால் உண்மைதான். உருட்டிப் பார்த்தேன், போனது. ஆனால் சரக்கு வண்டியை யாராவது தனியாக ஓட்டுவார்களா? எனக்குக் கோபம் இதில்தான். "இதே நீள வண்டிகளோடு மட்டும்" என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் என் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

செய்த வேலைகளைச் சொல்கிறேன். கூட வந்த கப்ளர்களைக் கழற்றிவிட்டு, கேடி (Kadee) நிறுவனத்தின் 146 எண் நீளக் கழுத்துக் கப்ளர் போட்டேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. பதிலுக்கு நேர்ப்பாதையில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, எனக்குப் பழகிவிட்டது. எடை குறைவாக இருந்தது. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை, எச்.ஓ.வுக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். அந்தக் கணக்கில் இதற்கு சுமார் 200 கிராம் வேண்டும். டயர் கடையில் சக்கர பேலன்ஸுக்கு ஒட்டும் எடைத் துண்டுகளை வாங்கி, அடித்தளத்தில் தாழ்வாக ஒட்டினேன். எடை குறைந்த நீள வண்டியை இன்ஜினுக்குப் பின்னாலேயே மாட்டி, பின்னால் கனமான வரிசை தொங்கினால், வளைவில் இழுத்த கயிறுபோல நேராக முயன்று உள்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கலப்பு வண்டி ஓட்டும்போது ஆட்டோராக் எப்போதும் கடைசியில்தான். குட்டை வண்டிகளுக்கும் அதற்கும் நடுவே ஒரு 60 அடி பாக்ஸ்கார் வைத்தால், பின்னால் வரும் ஆட்டோராக்கை அது தாங்கிக்கொள்கிறது.

போகியும் இடித்தது. இந்த வளைவில் அது 12 டிகிரி திரும்புகிறது. சக்கரம் எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அடிச்சட்டத்தில் கறுப்பு மார்க்கரைத் தடவி பத்துச் சுற்று விட்டேன். திருப்பிப் பார்த்தபோது நடுச் சட்டத்தின் இரு ஓரத்திலும் நகக்கீறல் அளவுக்கு மஞ்சள் பளபளத்தது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் அரை மில்லிமீட்டர் எடுத்தேன். இப்போது சத்தமே இல்லை. குகை வாசலின் உட்சுவரையும் செதுக்க வேண்டியிருந்தது. வண்டியின் பாதி அகலத்தோடு அந்த 12 மில்லிமீட்டரையும் கூட்டினால் தண்டவாள மையத்திலிருந்து 31 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும்.

எதிரெதிர் வளைவு மட்டும் வேண்டவே வேண்டாம். பாயிண்ட் வழியாகப் பக்கத்துப் பாதைக்கு மாறும்போது ஒரு வண்டியின் முனை இடப்பக்கமும் அடுத்ததன் முனை வலப்பக்கமும் போகும். ஒரே நீள வண்டிகள்கூட அங்கே ஒன்றையொன்று தள்ளிவிடும். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே ஒரு வண்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை வேண்டும். என் பலகையில் அதற்கு இடமில்லை. அந்தப் பாயிண்ட்டை எடுத்தே விட்டேன்.

தீராதது கப்ளர் பெட்டிதான். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ, அதுவும் மெல்லிய பிளாஸ்டிக்கில். வளைவில் கழுத்து இடிக்கும் ஒவ்வொரு தடவையும் விசை அந்த ஸ்க்ரூவில்தான் இறங்குகிறது. நான்கு வருடத்தில் ஐந்து வண்டிகளில் துளை தேய்ந்துபோனது. துளையில் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி ஒட்டி, காய்ந்த பிறகு புதிதாகத் துளைத்துத் திருகுகிறேன். நான்காவது வண்டிக்கு இது மூன்றாம் முறை. இவ்வளவு நீள வண்டியின் முழு இழுவையும் அந்தத் துளை வழியாகத்தான் போகும் என்று வடிவமைத்தவருக்குத் தெரியாதா? துளைக்குள் ஒரு பித்தளைப் புஷ் (ஸ்க்ரூ இறங்கும் சின்னக் குழல்) வைத்திருந்தால் முடிந்தது.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. 18 அங்குலத்துக்கு வேண்டாம். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு 50 அடி பாக்ஸ்கார் மூன்று வரும், உன் வளைவில் எதோடு கோத்தாலும் ஓடும். நேற்று ராத்திரி ஒட்டு வேலை இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். சனிக்கிழமை வீட்டுக்கு வா. அதற்குள் காய்ந்திருக்கும், எட்டையும் கோத்து ஓட்டிக் காட்டுகிறேன். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு குட்டை ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.