லூர்தும் வைத்தீஸ்வரன்கோயிலும்: காரைக்குடி வீடுகளில் ஓடும் படங்கள்

நோயும் நம்பிக்கையும் உரசுகிற அயல்நாட்டுப் படங்களை வீட்டில் நாலு பேரைக் கூட்டிப் போடுவதானால், முதலில் போட வேண்டியது ‘லூர்து’ (2009, ஜெசிகா ஹவுஸ்னர்). நோய் தீரும் என்று மக்கள் போகும் பிரான்சின் லூர்து மாதா தலத்துக்குச் சக்கர நாற்காலியில் யாத்திரை வந்த பெண் எழுந்து நடக்கிறாள். கூட வந்தவர்களிடம் சந்தோஷத்தை முந்திக்கொண்டு கிளம்புவது, “இவளுக்கு ஏன்?” என்ற புகைச்சல். சித்திரையில் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடந்து போகிறவர்களும், நோய் தீர அங்கே வெள்ளி உரு வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிற ஊரில் அந்தப் புகைச்சலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குணம் நிலைக்குமா என்று படம் அடித்துச் சொல்லாது. திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பதும் அதுதான்.

‘ஓர்டெட்’ (1955, கார்ல் டிரையர்) இதைவிடப் பெரிய படம். ஆனால் 126 நிமிடம், நிதானமாக நகரும். பிரசவத்தில் உயிருக்குப் போராடும் மருமகள், அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், தன்னையே ஏசு என்று நம்பும் கொழுந்தன், எல்லாரும் ஒரே பண்ணை வீட்டில். இடைவேளை விடவே கூடாது. காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கடைசிக் காட்சி வெறும் வித்தையாகத் தெரியும்.

ஜெர்மனியின் ‘சிலுவைப் பாதை’ (2014) 14 காட்சிகள். ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஷாட். பேசாத தம்பிக்காகப் பட்டினி கிடக்கும் 14 வயதுப் பெண்ணின் கதை. இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தூக்கல். வீட்டில் நோயாளி இருப்பவர்களை அழைத்து இதைப் போட வேண்டாம்.

ரசனையைக் கெடுப்பது பெரும்பாலும் சப்டைட்டில்தான். தமிழில் நாமே எழுதினால் எஸ்ஆர்டி கோப்பை (சப்டைட்டில் கோப்பு) யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிதான் வரும். வசனம் முழுக்க ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, ஹெச் விசைகள் போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும். சரியாகத் தொடங்கிப் போகப்போக விலகினால் அது பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு) கோளாறு. 25 பிரேமுக்கு எழுதியதை 24 பிரேம் படத்தோடு ஓட்டினால் ‘ஓர்டெட்’ முடிவதற்குள் வசனம் ஐந்து நிமிடம் முந்தியிருக்கும். இதற்கு விசையைத் தட்டிப் பயனில்லை. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் பிரேம் ரேட்டையே மாற்ற வேண்டும்.

‘ஓர்டெட்’ மாதிரிப் பழைய படத்துக்குப் புரொஜெக்டரில் அகல-உயர விகிதத்தை 4:3 என்று வையுங்கள். அகலத்துக்கு இழுத்தால் எல்லாருக்கும் முகம் வீங்கிவிடும். வளவில் (வீட்டின் நடுவே வானம் திறந்த முற்றம்) திரை கட்டினால் நன்றாக இருட்டிய பிறகே தொடங்க முடியும். ஆத்தங்குடித் தரையும் வழுவழுச் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். ஜமக்காளத்தை விரித்து, ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தி ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தத்தைக் குறையுங்கள்.