எஃப்.ஜி.எம் தகட்டு அதிர்வுக்கு ஆக்டேவ்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எம்.இ. ப்ராஜெக்டுக்கு எஃப்.ஜி.எம் (ஃபங்ஷனலி கிரேடட் மெட்டீரியல், கலவை படிப்படியாக மாறும் பொருள்) தகட்டின் அதிர்வைத் தலைப்பாக எடுக்கும் பிள்ளைகள், "எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கிறது சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருளும் பழக்கம்தான். ஆனால் நான் சொல்லும் பதில் ஒன்றே: இலவசக் கணக்கீட்டு மென்பொருளான ஜிஎன்யு ஆக்டேவில் உங்கள் நிரலை நீங்களே எழுதுங்கள்.

எஃப்.ஜி.எம் பொருளின் பிறப்பு 1984இல், ஜப்பானில், ஒரு விண்வெளி விமானத் திட்டத்தில். மேல்முகம் 2000 கெல்வின் சூட்டைத் தாங்க வேண்டும், 10 மி.மீ.க்கும் குறைவான தடிமனுக்குள் 1000 கெல்வின் இறங்க வேண்டும். உலோகத்தின் மேல் செராமிக்கைச் சும்மா ஒட்டினால் சூட்டில் ஒட்டு விட்டுப்போகும். அதனால் ஒரு முகத்தில் செராமிக், மறுமுகத்தில் உலோகம், நடுவில் கலவை கொஞ்சம் கொஞ்சமாக மாறும். உடைந்த ஆத்தங்குடிக் கல்லின் ஓரத்தைப் பார்த்தால் மேலே வண்ணமும் கீழே சிமென்ட் கலவையும் தனித்தனியாகத் தெரியும்; அந்தப் பிரிகோடு எங்குமே இல்லாத கல் என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிரலை நாமே எழுதுவதன் பெரிய பலன் இங்கேதான் தெரியும். 200 மி.மீ. சதுரத் தகடு, 4 மி.மீ. தடிமன், நான்கு ஓரமும் சிம்ப்ளி சப்போர்ட்டட் (ஓரம் மேலும் கீழும் நகராது, ஆனால் திரும்பலாம்) என்று வைப்போம். முழுக்க அலுமினா என்ற செராமிக் (விறைப்பு 380 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 3800 கிலோ) என்றால் முதல் அதிர்வெண் சுமார் 950 ஹெர்ட்ஸ். முழுக்க அலுமினியம் (70 ஜிகாபாஸ்கல், 2702 கிலோ) என்றால் சுமார் 484. எஃப்.ஜி.எம் விடை இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். பவர் லா இண்டெக்ஸ் (தடிமன் வழியே கலவை எப்படி மாறுகிறது என்று சொல்லும் அடுக்கு எண்) 1 வைத்தால் சுமார் 725 வரும். ஆனால் வளைவையும் தளநீட்சியையும் பிணைக்கும் 'பி' அணியை விட்டுவிட்டால் அதே தகடு 790 காட்டும், ஒன்பது சதவீதம் கூடுதலாக. 790உம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. உண்மையில் நடுநிலைத் தளம் (வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் தளம்) தடிமனின் 11.5 சதவீதம் செராமிக் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஓரங்கள் தளத்துக்குள் நகர வழி இருக்கும் தகட்டுக்கான கணக்கு இது. அந்த நகர்வைப் பூட்டினால் விடை மாறும். 'பி' அணியைத் தன் கையால் எழுதியவர் இந்த வித்தியாசத்தை மறக்கமாட்டார்.

பெரிய மென்பொருளில் பெரும்பாலும் தகட்டை லேயர் லேயராக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன தகட்டை நான்கு லேயராக வெட்டினால் அதிர்வெண் ஒரு சதவீதம் போல ஏறும். பத்து லேயரில் 0.2 சதவீதம்தான். இண்டெக்ஸ் பெரிதானால் செராமிக் முகத்தை ஒட்டியே மாற்றம் குவியும், லேயர்களையும் அங்கேதான் நெருக்க வேண்டும். லேயர் முறையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. பவுடரை அடுக்கடுக்காகப் பரப்பி, அழுத்திச் சுட்டுச் செய்யும் மாதிரித் தகடு உண்மையிலேயே லேயர்களாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட தகட்டைச் சுத்தியலால் தட்டி அளந்து ஒப்பிடும்போது, வழுவழுப்பான பவர் லாவை விட எத்தனை லேயர் போட்டார்களோ அத்தனை லேயர் வைத்த கணக்கே பொருந்தும்.

தியரியில் ஃபர்ஸ்ட் ஆர்டர் (ஷியரை, அதாவது தடிமன் வழியான சறுக்கலை, எளிமையாகச் சேர்க்கும் மிண்ட்லின் தியரி) போதும் என்பது என் கருத்து. தடிமனைப் போல் பக்கம் பத்து மடங்கு இருக்கும் ஒரே பொருள் தகட்டிலேயே, ஷியரை விட்ட கிர்க்காஃப் தியரி முதல் அதிர்வெண்ணை மூன்றரை சதவீதம் கூட்டிச் சொல்லும். ஐந்து மடங்கு என்றால் பதின்மூன்று சதவீதம். மிண்ட்லினின் ஷியர் திருத்தம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் ஒரே பொருள் தகட்டுக்குப் போடும் 5/6 என்ற திருத்த எண்ணை எஃப்.ஜி.எம்முக்கும் அப்படியே போடுவது தோராயம்தான். மிகத் தடித்த தகடு, உயர் மோடுகள் (அதிர்வு வடிவங்கள்) என்று போனால் ரெட்டியின் மூன்றாம் ஆர்டர் தியரிக்கு மாறுங்கள்.

நிரலில் தகட்டைச் சின்னக் கட்டங்களாக (எலிமென்ட்) பிரிக்கிறோம்; மூலைக்கு ஒன்றாக நான்கு நோடு வைத்த எலிமென்ட்டில் மெல்லிய தகட்டுக்கு ஷியர் லாக்கிங் வரும், அதாவது தகடு பொய்யாக விறைத்துப்போகும். ஷியருக்கு மட்டும் ஒற்றைப் புள்ளி இண்டெக்ரேஷன் வைத்தால் அது போகும், ஆனால் பொய் மோடுகள் எட்டிப்பார்க்கலாம். எல்லா ஓரமும் விட்ட தகட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நோடுக்கு ஐந்து டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (மூன்று நகர்வு, இரண்டு திருப்பம்) இருந்தால் சரியாக ஆறு சுழிய அதிர்வெண் வர வேண்டும். ஏழாவது வந்தால் அதன் மோடு படத்தைப் பாருங்கள், சதுரங்கக் கட்டம் போல மேலும் கீழுமாக இருக்கும். இந்த ஓட்டத்துக்கு முன் அதிர்வெண்களைத் தேடும் ஐகன் கட்டளையில் ஷிஃப்ட்டை (தேடல் தொடங்கும் எண்) சுழியத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். எல்லா ஓரமும் விட்ட தகட்டின் விறைப்பு அணிக்கு இன்வெர்ஸ் கிடையாது என்பதால்தான் இது.

ஆக்டேவில் ஒரே குறை, லூப் மெதுவாக ஓடும். ஒவ்வொரு எலிமென்ட்டின் அணி மதிப்புகளையும் வரிசை, நெடுவரிசை, மதிப்பு என்று மூன்று வெக்டராகச் சேர்த்துக் கடைசியில் ஒரே ஸ்பார்ஸ் (சுழியங்களைச் சேமிக்காத அணி) கட்டளையில் அணியைக் கட்டினால் பாதிச் சிரமம் போய்விடும். 20×20 மெஷ் என்பது 2205 மாறிகள்தான். கோடையில் கரண்ட் போனாலும் பழைய லேப்டாப் பேட்டரியிலேயே முடிந்துவிடும்.

துளை போட்ட தகடு, விறைப்புப் பட்டை வைத்தது, வளைந்த ஓடு என்றால் பெரிய மென்பொருளுக்கே போகிறேன். அதை நம்புவதற்கு முன், மேலே சொன்ன 200 மி.மீ. சதுரத்தை அதில் கொடுத்து 725 வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.