துபாய்க்கு டிக்கெட் போடுகிறீர்களா? ஏஜென்ட் சொல்லும் மணிக்கணக்கை நம்பாதீர்கள்

வீட்டுப் பெரியவர்களைத் தனியாக வளைகுடாவுக்கு அனுப்புபவர்கள் கட்டாயம் படியுங்கள்.

அக்கா பிரசவத்துக்காக அம்மா துபாய் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: “சென்னை காலை 6.00, துபாய் மதியம் 12.10. ஆறு மணி நேரம்தான் சார், அம்மா ஒரு தூக்கம் போட்டா வந்துடும்.”

சென்னையிலிருந்து துபாய் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானத்துக்கு நாலு, நாலேகால் மணி நேரம். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், டிக்கெட்டில் பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். அங்கே ஆறு மணி நேரம் தெரிந்தால் உண்மையில் பயணம் ஏழரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் எங்கோ இறக்கி ஏற்றுகிறார்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததே கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி. மும்பையில் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, இரண்டு வேறு நிறுவனங்கள், இரண்டு பி.என்.ஆர். (முன்பதிவு எண்)! கேட்டால், “கனெக்டிங்தான் சார், பெட்டி நேரா துபாய் போயிடும்” என்றார். கூசாமல் சொன்ன பொய். சென்னை கவுன்ட்டரில் பெட்டிக்கு ஒட்டிய டேக்கில் இருந்தது பி.ஓ.எம்., அதாவது மும்பை வரைதான்.

முதல் விமானம் இருபது நிமிடம் லேட். இறங்கியது டெர்மினல் 1, துபாய் விமானம் டெர்மினல் 2. மும்பையில் இவை இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் ரோடு, அதுவும் காலை நேர டிராஃபிக்கில். லேகியமும் பத்திய சாமானும் அடைத்த இரண்டு பெட்டிகளையும் பெல்ட்டில் இருந்து இறக்கி, இந்தி தெரியாமல் டாக்ஸி பிடித்து அம்மா போய்ச் சேர்வதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ‘நோ ஷோ’, அதாவது பயணி வரவில்லை என்று டிக்கெட் போனது. சாயங்கால விமானத்துக்குப் புது டிக்கெட் 28,000 ரூபாய்.

ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்கலாம். தனித்தனி டிக்கெட்டுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. “ஃப்ளைட் லேட்டானா நாங்க என்ன சார் பண்றது?” என்பதுதான் டிராவல்ஸ்காரரின் பதில். மலிவான இரண்டு டிக்கெட்டை ஒட்டவைத்தது யாராம்?

நோ ஷோ ஆன டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதைப் பற்றி மனுஷன் மூச்சே விடவில்லை. நாங்களே விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கினோம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். நிற்காத விமானத்துக்கே டிக்கெட்டில் ஐந்தரை மணி நேரம் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதே ஆள் போட்டிருந்த அம்மாவின் ரிட்டர்ன் டிக்கெட்டில் பதினோரு மணி நேரம் இருந்தது. கேன்சல் பண்ணிவிட்டோம். “பணம் ரெண்டு நாள்ல வந்துடும் சார்” என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.