பெங்களூரு அல்சூர் சீன வைத்திய நிலையம்: நாலு மாதம் போய் வந்த பிறகு எழுதுகிறேன்

போன ஜூலையில் அம்மாவுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் அளவு) 4.8 என்று வந்தது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர், அவருக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், முழங்கையில் காரணமே தெரியாமல் நீலம் பாய்ந்த தடம். புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று இதய மருத்துவர் கேட்டபோதுதான் அம்மா பைக்குள்ளிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். மூட்டு வலிக்கென்று ஊரின் வேறொரு மூலையில் ஒரு சீன இயற்கை வைத்திய மையத்தில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியது, பத்து நாளாகக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார். பொட்டலத்தின் மேல் முழுக்கச் சீன எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் போன் போட்டுக் கேட்டால் ‘ரத்தத்துக்கு நல்லது மேடம், எல்லாம் வேர்தான்’ என்றார்கள். நாலாவது தடவை கேட்ட பிறகுதான் தாங் குய் என்று ஒரு பேர் வந்தது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடக்கூடாது என்று எச்சரிக்கப்படும் சீன மூலிகைகளில் அது முக்கியமானது. அம்மா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை. இதனால்தான் ஏறியது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை, கஷாயத்தை நிறுத்தி மாத்திரை அளவையும் மாற்றினார், அடுத்த வாரம் 3.1-க்கு வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு சீன வைத்திய நிலையத்தைப் பற்றி நல்லபடியாக எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் போடவில்லை, நடத்துகிறவரே வேண்டாம் என்றார், இப்போதே சமாளிக்க முடியவில்லையாம். அல்சூரில் இருக்கிறவர்கள் பஜார் தெருப் பக்கம் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள்.

நான் போனது அம்மாவுக்காக இல்லை, எனக்காக. மாதத்தில் ஆறேழு நாள் ஒற்றைத் தலைவலி, சாப்பிட்ட உடனே வயிறு உப்பிக்கொள்வது, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆபீசில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் போனேன். முதல் மாடி, ஒடுக்கமான படி, இரண்டு கட்டில், ஒரு மேஜை. வைத்தியர் கோலார் தங்கவயல்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம், நம் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. ஊசி வைத்தியமான அக்குபங்சர் படித்த சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார், கேட்டால் எடுத்துக் கையிலும் கொடுக்கிறார்.

முதல் நாள் ஊசியே போடவில்லை. ஐம்பது நிமிஷம் கேள்விதான். காலையில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறேன், தாகம் எடுத்தால் சுடுதண்ணீரைத் தேடுகிறேனா ஜில்லென்று வேண்டுமா, மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது, கை கால் குளிர்கிறதா, மலம் இளகலா இறுகலா. அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லி சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பாயிண்ட்மென்ட் கொடுக்கும்போதே ‘வரும்போது காபி குடிக்காம வாங்கக்கா, நாக்கு நிறம் மாறிடும்’ என்று சொல்லியிருந்தார், அன்றைக்கு ஃபில்டர் காபி இல்லாமல் போனது எனக்குப் பெரிய தியாகம். என் கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார்: நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த வரி வரியான தடம், நடுவில் வெள்ளைப் படிவு, நாக்கே வெளுத்துத் தடித்து. நாற்பத்து நாலு வருஷமாக என் வாயில் இருக்கிற நாக்கை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து மெல்லவும் அழுத்தியும் இரண்டு கையிலும் நாடி. எங்கள் தாத்தா ஊரில் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே விரல் வரிசை, கணக்குத்தான் வேறு. இங்கே ஒரு கைக்கு மூன்று இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு உறுப்பு.

அவர் சொன்ன விளக்கம், மண்ணீரலின் ‘சி’, அதாவது உயிர்ச்சக்தி, குறைவு, உடம்பில் ஈரம் தங்கியிருக்கிறது என்பது. இந்த மண்ணீரல் ஸ்கேனில் தெரிகிற மண்ணீரல் இல்லை, சீன வைத்தியத்தில் செரிமானத்தின் மொத்த வேலைக்கும் அந்தப் பேர் என்று அவரே தெளிவுபடுத்தினார். எனக்கு அது பிடித்தது. அடுத்ததாகச் செய்தது இன்னும் பிடித்தது: ‘இதெல்லாம் எங்க கணக்குக்கா, நீங்க போய் முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, கண் இமைக்கு உள்ள இவ்வளவு வெளுப்பு இருக்கக்கூடாது’ என்று அனுப்பிவிட்டார். ஹீமோகுளோபின் 9.4. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தரைமட்டம். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். அதை வைத்தியர் நிறுத்தச் சொல்லுவார், பேரீச்சையும் கோஜி பெர்ரி என்கிற சீன உலர்பழமும் தலையில் கட்டுவார் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் போனேன். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காபிக்குப் பிறகு என்றேன். காபி, டீ இரண்டும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது, பாலோ ராகி மால்ட்டோ கூடச் சேர்ந்தாலும் அதிலுள்ள கால்சியம் குறுக்கே நிற்கும், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள், காபி இரண்டு மணி நேரம் தள்ளி என்றார். மருந்துக் கடையிலும் சொல்லவில்லை, மாத்திரை எழுதிய இடத்திலும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்த தாளை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். சீனத்தில் காலையில் குழைவாக அரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள், ‘நீங்களும் அதையே குடிங்க, பேரு மட்டும் நம்ம பேரு’ என்றார். பழுப்பரிசி நொய்யில் இஞ்சித் துண்டு தட்டிப் போட்ட கஞ்சி, வாரத்தில் இரண்டு நாள் பாசிப்பருப்பு சேர்த்து. ஆபீசில் நான் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பச்சைக் காய் சாலடும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரும் கொஞ்ச நாள் வேண்டாம், வேகவைத்துச் சூடாகச் சாப்பிட வேண்டும். சேனை, கருணை, பூசணி. முருங்கைக்கீரை, இங்கே பேட்டைச் சந்தையில் கிடைக்கிற எல்லாச் சொப்பும் (கீரைக்குக் கன்னடப் பேர்). ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடிக்கணும். சிவப்புப் பேரீச்சை என்று விற்கிற சீன இலந்தை, கோஜி எல்லாம் வாங்கட்டுமா என்று நானே கேட்டேன். ‘கிலோ ஆயிரக்கணக்கில கொடுத்து எதுக்குக்கா, ரசல் மார்க்கெட் போங்க, கறுப்பு எள்ளும் உலர்ந்த திராட்சையும் வாங்குங்க, மிச்சப் பணத்துக்கு முட்டை வாங்குங்க’ என்றார். சூடு, குளிர்ச்சி என்று பாட்டி சொன்ன கணக்கும் சீனர்களின் கணக்கும் பல இடங்களில் ஒத்துப் போகிறது, இஞ்சி சூடு, பாசிப்பயறு குளிர்ச்சி, இரண்டு பேரும் அதையேதான் சொல்கிறார்கள். அதனால் எனக்கு எதுவும் புதுப் பாஷையாக இல்லை.

ஊசி வாரம் ஒரு முறை. தலைமுடி கனம்தான், ஒரு தடவை போட்டால் தூக்கிப் போட்டுவிடுகிறார், பாக்கெட்டை நம் கண் முன்னால்தான் பிரிக்கிறார், இதை எங்கே போனாலும் கவனியுங்கள். முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே, எலும்பை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு இடம் இருக்கிறது, சூ சான் லீ என்கிறார்கள், அங்கே ஊசி இறங்கியபோது குத்தின வலி இல்லை, காலுக்குள் கனமாக ஒரு மதமதப்பு பாதம் வரைக்கும் வழிந்தது. அந்த மதமதப்பைத்தான் அவர்கள் தேடுகிறார்களாம். இருபது நிமிஷம் படுத்திருந்தால் தூங்கிவிடுகிறேன். தலைவலி இப்போது மாதம் மூன்று நாள். ஊசியாலா, ஹீமோகுளோபின் 11.8-க்கு ஏறியதாலா, நேரத்துக்குச் சாப்பிடுவதாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலி வரும் நாட்களைக் குறைக்க அக்குபங்சர் உதவலாம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது, சும்மா பேருக்குப் போட்ட ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது என்றும் அதுவே சொல்கிறது. இதை அவரிடமே சொன்னேன், ஆமாம், நானும் படித்தேன் என்றார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அம்மாவைக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் வந்தது. அம்மா உள்ளே நுழைந்ததும் கேட்ட கேள்வி, ‘ஏம்மா, சீனாக்காரன் வைத்தியம் நமக்கு ஒத்துக்குமா?’ வைத்தியர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். டாக்டர் கோட்னிஸ். சோலாப்பூர்க்காரர், 1938-இல் இந்தியாவிலிருந்து சீனா போன ஐந்து டாக்டர்களில் ஒருவர், போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து அங்கேயே 1942-இல் 32 வயதில் இறந்தவர். அதே குழுவில் போன டாக்டர் பி.கே. பாசு பின்னால் அக்குபங்சர் கற்றுக்கொண்டு 1959-இல் கொல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மத்திய அரசு 2019-இல் இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. அம்மாவுக்கு அந்த 32 வயதுதான் மனதில் நின்றது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

வார்ஃபரின் என்று சொன்னதுமே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கப்பிங் (தோலில் குப்பி வைத்து உறிஞ்சுவது) கிடையவே கிடையாது, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். மூலிகை எதுவும் கிடையாது. ஊசி வேண்டுமென்றால் இதய மருத்துவரிடம் கடிதம் வேண்டும், ஒரு வாரத்துக்குள் எடுத்த ஐ.என்.ஆர். வேண்டும். கீரையைப் பற்றியும் அம்மாவுக்குத் தனியாகச் சொன்னார்: எனக்குச் சொன்னதுபோலத் திடீரென்று ஏற்றவும் கூடாது, பயந்து நிறுத்தவும் கூடாது, வைட்டமின் கே இருப்பதால் வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். முதல் மையத்தில் நடந்ததைச் சொன்னபோது அவர் யாரையும் திட்டவில்லை. 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனதைச் சொன்னார், பெயர் ஒத்திருந்ததால் ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இன வேர் கலந்துவிட்டது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். இயற்கை என்று அட்டையில் போட்டிருப்பதால் எதையும் நம்பி வாயில் போடாதீர்கள் என்று ஒரு சீன வைத்தியர் வாயாலேயே கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

அம்மாவுக்குச் செய்வது மாக்ஸா மட்டும். காய்ந்த மாசிபத்திரியைச் சுருட்டுபோல உருட்டிப் பற்றவைத்து, முழங்காலுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டுவது. தோலில் படக்கூடாது, விரலை மூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சூட்டைத் தானும் உணர்ந்தபடியே பிடிக்கிறார். புகை கிளம்பியதும் அம்மா மூக்கை உறிஞ்சி, ‘இது மருக்கொழுந்து வாசனைல்ல?’ என்றார். சரியாகப் பிடித்துவிட்டார், இரண்டும் ஆர்ட்டிமீசியா இனம். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் எடுத்த செடியும் அதே இனம்: சீன விஞ்ஞானி து யூயூ 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவக் குறிப்பில் ‘தண்ணீரில் ஊறவைத்துப் பிழி’ என்று இருந்ததைப் படித்து, கொதிக்க வைப்பதில்தான் தப்பு இருக்கிறது என்று யோசித்து, குறைந்த சூட்டில் பிரித்து எடுத்தார், 2015-இல் நோபல் பரிசு. பழைய குறிப்பைச் சோதனைச் சாலையில் வைத்துப் பார்த்ததால் கிடைத்த மருந்து அது.

அம்மாவின் மூட்டுத் தேய்மானம் சரியாகவில்லை, ஆகும் என்று அவரும் சொல்லவில்லை. படுத்து எழுந்ததும் இருக்கிற இறுக்கம் குறைந்திருக்கிறது, சோமேஸ்வரர் கோவில் வரைக்கும் நடக்கிறார்.

குறைகளும் உண்டு. லிஃப்ட் இல்லை, மூட்டு வலிக்காரர்களை முதல் மாடி ஏறச் சொல்வது கொடுமை, அம்மாவை நான் ஒவ்வொரு படியாகத்தான் ஏற்றுகிறேன். ஒரே ஜன்னல், மாக்ஸா புகை தங்கிவிடுகிறது, ஆஸ்துமா இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி தாமதம் நிச்சயம். வாசல் போர்டில் நோய்ப் பட்டியலில் சர்க்கரை வியாதி என்று எழுதியிருக்கிறது, உள்ளே இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவர் வெளியே அப்படி எழுதி வைக்கலாமா என்று நேரிலேயே கேட்டேன், பழைய போர்டு, மாற்றுகிறேன் என்றார், நாலு மாதமாக மாறவில்லை. முதல் முறை 900 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 600, மாக்ஸா மட்டும் என்றால் 400. பத்து தடவைக்கு முன்பணம் கட்டு என்கிற பேச்சே கிடையாது.

போகிறவர்கள் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், அவர் கேட்பார். அல்சூர் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வியாழக்கிழமை காலை கூட்டம் குறைவு, நாங்கள் போவதும் அன்றைக்குத்தான். போன வாரம் அம்மா கோவில் வாசலில் ஒரு முழம் மருக்கொழுந்து வாங்கி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.