அம்மாவின் பணமும் வீட்டுப் பணமும்: இங்கிலாந்துக் கவுன்சிலின் நிதி மதிப்பீட்டோடு சில வருட அனுபவம்

ஆஸ்பத்திரி இலவசம், ஆகவே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் வருவதும் இலவசம் என்று நம்புகிறவர்கள் இங்கிலாந்தில் நம்மவர்களுக்குள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவத்துக்குத்தான் என்எச்எஸ் என்ற அரசின் சுகாதார சேவை. குளிக்க வார்க்க, உடுப்பு மாற்ற, சாப்பாடு கொடுக்க வருகிறவர் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், பொறுப்பு. அதற்கு வசதியைப் பார்த்துக் கட்டணம் எடுப்பார்கள். வசதியைப் பார்க்கும் அந்த வேலைக்குப் பெயர் நிதி மதிப்பீடு.

அம்மாவுக்கு முதலில் வீட்டில் பராமரிப்பு, பிறகு பராமரிப்பு இல்லம். இரண்டு கட்டத்திலும் படிவங்களை நிரப்பியது நான்தான். எங்களுடையது லண்டனின் ஓரத்தில் உள்ள ஒரு கவுன்சில், பெயர் வேண்டாம். அடிப்படை விதிகள் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்திலிருந்து வருவதால் இங்கிலாந்து முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகள் நான் பயந்த அளவுக்குக் கொடுமையானவை அல்ல. ஆனால் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, தன் பெயரில் ஒரு வீடு என்று தனியாக வாழும் மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் பணம் அப்படி இருப்பதில்லை.

கணக்கு இப்படிப் போகிறது. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அதன் பகுதிக்கும், வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாகப் பாவனை செய்வார்கள். எந்த வங்கியும் அப்படி வட்டி தருவதில்லை என்று வாதாடுவதில் பயன் இல்லை, நான் வாதாடிப் பார்த்தவள். வீட்டிலேயே பராமரிப்புப் பெறுகிறவருக்கு அவர் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது.

2025-26 எண்களில் ஓர் உதாரணம். ஒரு தாய்க்கு எல்லா ஓய்வூதியமும் சேர்த்து வாரம் 260 பவுண்டு, குறைந்த வீத அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (அன்றாட உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் படி) 73.90, சேமிப்பு 16,000. சேமிப்புக்காக 7 பவுண்டு சேர்த்தால் மொத்தம் 340.90. ஓய்வூதிய வயதில் தனியாளாக இருக்கும் ஒருவர் கையில் குறைந்தது 232.60 விடவேண்டும் என்பது விதி. மீதி 108.30. இதிலிருந்து உடல்நிலை காரணமாக ஆகும் கூடுதல் செலவுகளைக் கழித்தபின் எஞ்சுவதுதான், பராமரிப்பின் விலையைத் தாண்டாதவரை, அவர் வாராவாரம் கட்டவேண்டியது.

குடும்பங்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் அந்தக் கூடுதல் செலவுதான். எங்களுக்கு வந்த முதல் தாளில் அந்த வரிக்கு எதிரே 10 பவுண்டு என்று அச்சாகியிருந்தது. யாருக்கும் போடும் நிலையான தொகை அது. அம்மாவின் அறைக்கு மே மாதத்திலும் ஹீட்டர் ஓடும். படுக்கை விரிப்பு நாள்தோறும் துவைக்கவேண்டும். சிறுநீர்க் கசிவுக்கு என்எச்எஸ் தரும் பேட் போதாமல் கடையில் வாங்கவேண்டும். கால் நகம் வெட்ட ஆள் வரவேண்டும், கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புக் கருவிக்கு மாதச் சந்தா வேறு. பழைய மின்கட்டணச் சீட்டுகளையும் மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி, மறுபரிசீலனை கேட்டு அனுப்பினேன். 10 என்பது 27 ஆனது. வருடத்துக்கு 884 பவுண்டு வித்தியாசம். தாமாக யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். படிவத்தில் இதற்கு விட்டிருக்கும் இடம் இரண்டு விரல் அகலம்.

அடுத்தது கூட்டுக் கணக்கு. அப்பா காலமான பிறகு, வசதிக்காக அம்மாவின் ஓய்வூதியமும் அண்ணாவின் சம்பளமும் ஒரே கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தன. வேறு விதமாக நிரூபிக்காதவரை கூட்டுக் கணக்கைச் சரிபாதியாகப் பிரிப்பது விதி. ஆகவே அண்ணாவின் உழைப்பில் பாதி, தாளில் அம்மாவின் சொத்தாகிவிட்டது. அவருடைய சம்பளச் சீட்டுகளைக் கொடுத்து, எது யாருடைய பணம் என்று காட்டிய பிறகுதான் திருத்தினார்கள். பெற்றோரோடு கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றே பிரித்துவிடுங்கள். அது அவரவர் பணத்தை அவரவர் கணக்கில் வைப்பதுதான், ஒளிப்பது ஆகாது.

யாழ்ப்பாணத்துக் காணியைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவு முழுமையாகாது. வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான், படிவத்தில் காட்டவேண்டும். அம்மாவின் பெயரில் இருப்பது சகோதரங்களோடு இன்னும் பங்கு பிரிக்காத ஒரு வளவு. மாமா ஒருவர் கனடாவில், இன்னொருவரின் பிள்ளைகள் ஜெர்மனியில், கிணற்றடியில் யாரோ குடியிருக்கிறார்கள். கவுன்சில் அதிகாரி 'சந்தை விலை என்ன?' என்று கேட்டார். பாவம், அந்தப் பெண் தன் வேலையைச் செய்கிறார். இங்கே முக்கியமானது, கூட்டாக உள்ள சொத்தில் பார்க்கவேண்டியது முழுக் காணியின் விலை அல்ல, அம்மாவின் பங்கை மட்டும் தனியாக வாங்க ஒருவர் முன்வந்தால் என்ன கொடுப்பார் என்பதே. ஊரில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும், பங்கு பிரிக்கப்படவில்லை என்ற கடிதத்தையும் ஆங்கிலத்தில் வாங்கிக் கொடுத்தோம். அம்மாவின் பங்குக்குப் பெயரளவிலான பெறுமதியே போட்டார்கள். மறைத்திருந்தால் பின்னால் பெரிய வில்லங்கமாகியிருக்கும்.

தாலிக்கொடியையும் காப்பையும் பற்றி எல்லோரும் காதோடு கேட்கிறார்கள். சொந்த உபயோகப் பொருட்கள் கணக்கில் வராது, கட்டணத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு வாங்கியவை தவிர. யாரும் தராசோடு வருவதில்லை. ஆனால் விற்று வங்கியில் போட்டால் அந்த நொடியிலிருந்து அது சேமிப்பு.

கோயில் மண்டபங்களில் உலாவும் இன்னொரு கதை: 'வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதி ஏழு வருடம் போனால் கவுன்சில் தொடமுடியாது.' ஏழு வருடம் என்பது வாரிசு வரியின் கணக்கு. பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி ஒரு காலக்கெடு கிடையாது. கட்டணத்தைத் தவிர்ப்பது முக்கிய நோக்கமாக இருந்தது என்றும், எழுதிக்கொடுத்தபோதே பராமரிப்புத் தேவைப்படலாம் என்று எதிர்பார்த்திருக்க முடியும் என்றும் கவுன்சில் முடிவுசெய்தால், வீடு இன்னும் அவரிடமே இருப்பதுபோலக் கணக்குப் போடலாம். வாங்கிக்கொண்ட பிள்ளையிடமும் பணம் கேட்கலாம். நல்ல உடல்நலத்தோடு இருந்த காலத்தில் வேறு காரணத்துக்காகக் கொடுத்தது வேறு விஷயம். அதற்கான காகிதங்களை வைத்திருங்கள்.

அம்மா பராமரிப்பு இல்லத்துக்குப் போனபோது ஆட்டத்தின் விதியே மாறியது. நிரந்தரமாக இல்லத்தில் சேர்ந்தால் முதல் 12 வாரங்கள் வீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், அதன்பின் எடுப்பார்கள். வாழ்க்கைத்துணை அங்கே குடியிருந்தாலும், 60 வயதைத் தொட்ட உறவினர் ஏற்கெனவே அதைத் தன் வீடாகக் கொண்டு வாழ்ந்துவந்தாலும் எடுக்கமுடியாது. அண்ணாவுக்கு அப்போது 61. அறுபதைத் தாண்டியதற்காக அவரை யாரும் அதற்கு முன் இப்படிக் கொண்டாடியதில்லை! அந்த விலக்கு கிடைக்காதவர்களுக்கும் உடனே வீட்டை விற்கவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கட்டணத்தை வீட்டின் மேல் கடனாக ஏற்றி, பிறகு தீர்க்கும் ஒத்திவைப்பு ஒப்பந்தத்தைக் கேட்கலாம். வட்டியும் நிர்வாகக் கட்டணமும் வரும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தில் கவுன்சில் பணம் கட்டும் ஒருவரின் வருமானம் ஏறக்குறைய முழுதும் கட்டணத்துக்குப் போய்விடும். 2025-26இல் கையில் விட்டது வாரம் 30.65 பவுண்டு. அதில்தான் அம்மாவின் தலைக்கு எண்ணெய், சித்தாலேப தைல டப்பா, சால்வை, பேரனின் பிறந்தநாளுக்கு அவர் பிடிவாதமாகக் கவரில் வைக்கும் காசுத்தாள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் நான்கு வாரத்தில் நின்றுவிடும்.

கவுன்சில் ஒதுக்கும் தொகையைவிட விலை கூடிய இல்லத்தை நீங்களாகத் தேர்ந்தால் வித்தியாசத்தைக் குடும்பம் கட்டவேண்டும். ஆனால் கூடுதல் பணம் கேட்காத, தேவைக்குப் பொருந்தும் ஓர் இல்லத்தையாவது அவர்கள் காட்டியாகவேண்டும். எங்களிடம் முதலில் பேசியவர் இதைச் சொல்லாமலே 'மேலதிகமாக எவ்வளவு தரமுடியும்?' என்று ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவேண்டாம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது படிவங்கள் அல்ல. 23,250 என்ற எல்லை 2010இலிருந்து அசையவே இல்லை. பராமரிப்புச் செலவை ஆராய அரசு அமைத்த டில்னட் ஆணையம் 2011இலேயே அதை ஒரு லட்சமாக்கச் சொன்னது. வாழ்நாள் கட்டணத்துக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வரும் என்றார்கள், 2023 அக்டோபர் என்றார்கள், 2025க்குத் தள்ளினார்கள், 2024 ஜூலையில் கைவிட்டார்கள். இதே தீவில் ஸ்கொட்லாந்தில் 2002இலிருந்து முதியோரின் தனிப்பட்ட பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை. லண்டனிலேயே ஹாமர்ஸ்மித் ஃபுல்ஹாம் கவுன்சில் 2015இல் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நீக்கிவிட்டது. முடியாது என்பதில்லை.

எங்கள் கவுன்சிலைப் பற்றிய பெரிய குறை, பராமரிப்பு தொடங்கிப் பல வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பில்லாக அனுப்பியது. மதிப்பீடு முடியும்வரை மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். கணக்கை எழுத்தில் தரக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஏப்ரலில் ஓய்வூதியம் ஏறும்போது கட்டணமும் ஏறும், அப்போது செலவுப் பட்டியலையும் புதுப்பித்து அனுப்புங்கள். தவறு என்று தோன்றினால் முதலில் கவுன்சிலிடமே எழுத்தில் முறையிடவேண்டும். அங்கே தீராவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி. அவரிடம் போகப் பணம் கட்டவேண்டியதில்லை, ஆனால் விஷயம் தெரியவந்த 12 மாதங்களுக்குள் போகவேண்டும்.