சயனோடைப் துணி அச்சு: மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சயனோடைப் என்பது மருந்து பூசிய துணியில் இலையையோ படத்தையோ வைத்து, வெயிலில் காட்டி நீல அச்சு எடுக்கும் முறை. முதல் துணியில் ஒரு முருங்கைக் கொத்தை வைத்து மொட்டை மாடி வெயிலில் காட்டினேன். அலசும்போது தெளிந்து வந்த நீலத்தைப் பார்த்ததும் அன்றைக்கே இரண்டு மீட்டர் காடாத்துணி வாங்கி வந்துவிட்டேன். அந்த முதல் வருடத் துணிகளில் ஒன்றுகூட இன்று பழைய நீலத்தில் இல்லை.

கரைசல் எளிது. 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. சம அளவு கலந்து, கஞ்சி போகத் துவைத்த பருத்தியில் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். பெயரில் 'சயனைடு' இருப்பதால் மாமியார் ஒரு மாதம் என் கையால் காப்பி குடிக்கவில்லை. கடும் அமிலத்தோடு சேர்க்காதவரை பயமில்லை. கையுறை மட்டும் கட்டாயம்.

1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அவர் பாசிகளைப் பாடம்செய்து வைத்திருந்தார். நானோ பறித்த இலையை அப்படியே வைத்தேன். வெயிலில் அது சுருண்டு நகர, ஓரமெல்லாம் மங்கிப்போனது. இப்போது நோட்டுக்குள் இரண்டு நாள் அழுத்தி, மேலே கண்ணாடி வைக்கிறேன். நீலம் வந்ததுமே எடுத்துவிடாதீர்கள். சாம்பல் பூத்தது போல ஆகட்டும். அவசரப்பட்டால் அலசும்போது பாதி ஓடிவிடும்.

புகைப்படத்தை ஓ.எச்.பி. ஷீட் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவாக அடித்தும் பார்த்தேன். இழைகளுக்கு நடுவே முகம் தொலைந்துவிடுகிறது. மரக்கிளை, கம்பிக் கதவு மாதிரி பெரிய வடிவங்கள் பரவாயில்லை.

உண்மையில் படுத்தியது தண்ணீர்தான். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நீலம் மங்கியது, வெள்ளை பழுத்தது. இப்போது முதல் அலசல் கேன் தண்ணீரில், இரண்டு சொட்டு எலுமிச்சையோடு. ஜன்னலோரம் மாட்டி வெளிறிய துணியை அலமாரிக்குள் சில நாள் வைத்தால் நீலம் ஓரளவு திரும்பி வருகிறது. ஆனால் சோப்புத் தூளின் காரத்தில் போனது திரும்பாது.

அதற்குச் சாட்சி, பப்பாளி இலை அச்செடுத்த ஒரு தலையணை உறை. வீட்டில் யாரோ மெஷினில் போட்டுவிட்டார்கள். துரு நிறத்தில் வெளியே வந்தது. எறிய மனமில்லாமல் கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்தேன். கரைசலிலிருந்து துணியில் தங்கியிருந்த இரும்பு கடுக்காயோடு சேர்ந்து, பப்பாளி இலை நரம்புகளைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வந்தது. மூன்று வருடத்தில் செய்தவற்றில் தினமும் புழங்குவது அந்த ஒன்றுதான்.