புற்றுநோய் வந்த நாய்க்கு 'மூலிகைப் பொடி': 18,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை

வீட்டில் வயதான நாய் வைத்திருப்பவர்கள், முக்கியமாக அதற்குப் புற்றுநோய் என்று டாக்டர் வாயால் கேட்டவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பணம் போனது மட்டும் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

எங்கள் மணி சிப்பிப்பாறை நாய். கோவில்பட்டிப் பக்கம் மாமா வீட்டில் பிறந்து, துண்டில் சுற்றி பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்தவன். 11 வயது. போன புரட்டாசியில் இடது முன்னங்காலைச் சரியாக ஊன்றாமல் நடந்தான். சுளுக்கு என்று நினைத்து அம்மா எண்ணெய் காய்ச்சித் தடவினாள். பத்து நாளில் பாதத்துக்கு மேல் மூட்டருகே எலுமிச்சை அளவுக்கு வீக்கம். தொட்டால் கல் மாதிரி இருந்தது.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு கரையான் அரித்த மரம் போல இருந்தது. மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு எலும்புப் புற்று என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயிலும் வட்டம் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். அந்த டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. உயரமான, கால் நீண்ட நாய்களுக்கு இது அதிகம் வருமாம். காலில் வெளியே தெரிவதற்குள் நுரையீரலுக்குப் போயிருப்பதுதான் வழக்கமாம். "காலை எடுத்தா அந்த வலி போயிரும் சார். ஆனா நுரையீரல்ல கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு வந்துட்டு. வயசும் ஆயிட்டு. இருக்கிற வரைக்கும் வலியில்லாம வச்சுக்கிடுவோம்." வலிக்கு மெலாக்சிகாம், கபாபென்டின் என்று இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனிதர்கள் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு வயிறு புண்ணாகிவிடும் என்றார். எலும்பு மெலிந்திருப்பதால் வழுக்கி விழுந்தால் உடைந்துபோகும் என்றார். வீட்டுக்கு வந்து டைல்ஸ் தரை முழுக்கச் சாக்கு விரித்தோம், மாடிப்படிக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டோம். அதுவரை எல்லாம் சரி.

தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் பாய்ந்தவன், விடிய விடிய முனகினான். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அடுத்த நாள் யார் என்ன சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். நாய்ச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார். அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தது. பேச்சு தேன். "கவலைப்படாதிய அண்ணாச்சி, இதைவிட மோசமா வந்த நாயெல்லாம் இன்னைக்கு ஓடுது" என்று நான்கு வீடியோ அனுப்பினார். ஒன்றில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. நோயாளி நாய் இவ்வளவு தெம்பாகக் குடிக்கிறதே என்றுதான் எனக்குப் பட்டது. 45 நாள் மருந்து 18,500 ரூபாய், மூன்று தவணை. அனுப்பச் சொன்ன ஜிபே நம்பர் வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தாண்டாம் அண்ணாச்சி, அது பாட்டுக்குப் போகட்டும். ஆனா டாக்டர்கிட்ட இதைச் சொல்லாண்டாம். அவங்களுக்குப் பிடிக்காது." இந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூரியரில் மூன்று பிளாஸ்டிக் டப்பா வந்தது. முருகன் படம், 'தினம் இருவேளை தேனில்' என்று கையெழுத்து. என்னென்ன சேர்ந்திருக்கிறது, பேட்ச் எண், உரிம எண், தயாரித்த தேதி, ஒன்றும் இல்லை. சுக்கு வாசனை நன்றாகவே அடித்தது.

நான்காம் நாள் மணி தட்டை நக்கினான். ஒரு வாரத்தில் தயிர்சாதத்தை முழுக்கத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். நொண்டலும் குறைந்தது. அம்மா மாரியம்மன் கோவிலுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அவன் சாப்பிடுவதை வீடியோ எடுத்து நானே அந்த ஆளுக்கு அனுப்பினேன், கும்பிடுகிற பொம்மையும் சேர்த்து.

கூடவே தண்ணீர் குடிப்பது கூடியது. காலையில் நிரப்பிய வாளி மத்தியானத்துக்குள் காலி. 11 வருடத்தில் ஒருநாளும் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாதவன் ராத்திரி சாக்கிலேயே மூத்திரம் போய்விட்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். உட்கார்ந்த இடத்திலேயே இரைத்தான், வயிறு உப்பியது. கேட்டால், "உடம்பு கழுவுது அண்ணாச்சி."

ஐந்தாவது வாரம் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. ஒட்டுகிற பிசுக்கு, வாடை தாங்கவில்லை. உடனே போன் போட்டேன். "நல்ல செய்தி! நோய்க் கழிவு வெளிய வருது. ரெண்டு நாள் இருக்கும், பயப்படாதிய." நம்பினேன். அந்த இரண்டு நாளும் காலையில் மெலாக்சிகாமும் கொடுத்தேன், பொடியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஈறு வெள்ளைக் காகிதம் போல இருந்தது.

டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எவ்வளவு குடிக்கான் சார்?" சொன்னேன். இரண்டாவது கேள்வி: "வேற என்ன குடுத்திய?" டப்பாவை எடுத்து நீட்டினேன். அடியில் தட்டிப் பார்த்தார். பழுப்புப் பொடிக்கு நடுவே உடைந்த மாத்திரை போல வெள்ளைத் துணுக்குகள். வீட்டுக்கு வந்து நான் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். சுக்குக் காரம் அடங்கியதும் மாத்திரைக் கசப்பு அப்படியே தங்கியது.

ஆய்வகத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அறிகுறி எல்லாம் ஸ்டீராய்டு என்றார். ஸ்டீராய்டு கொடுத்தால் நாய்க்குப் பசி வரும், தாகம் எடுக்கும், வீக்கம் கொஞ்சம் வற்றும், வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் குணமாகிறது என்று தோன்றும். ஆனால் எலும்பில் இருந்தது அங்கேயேதான் இருந்தது. திரும்ப எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சுப் புள்ளிகள் பெரிதாகியிருந்தன. ஸ்டீராய்டும் மெலாக்சிகாமும் சேர்ந்து போகவே கூடாதாம், குடல் புண்ணாகி ரத்தம் கசியும். நான் 'நோய்க் கழிவு' என்று நினைத்து மகிழ்ந்தது அவனுடைய ரத்தம்.

டாக்டரம்மா திட்டவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா மாத்திரையை நிறுத்திருப்பேனே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

டிரிப் போட்டு, வயிற்றுப்புண்ணுக்கு மருந்து கொடுத்துத் தேற்றினார்கள். ஆனால் வலிக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மெலாக்சிகாமை இனிக் கொடுக்க முடியாது என்றாகிவிட்டது. கபாபென்டினும் டிரமடாலும் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. மணிக்கு நல்லபடியாக இருக்க வேண்டிய கடைசி வாரங்கள் இவை. அதைத்தான் அந்த ஆள் எடுத்துக்கொண்டான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மார்கழி மூன்றாம் வாரம் ஊசி போட்டு அனுப்பிவைத்தோம். அம்மா வாசல் வரை வந்து நின்றுகொண்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

அந்த ஆளிடம் கேட்டேன். "நீங்க மாத்திரையும் குடுத்ததுனால வந்தது" என்றான். கொடுக்கச் சொன்னதே நீதானே என்று ஆடியோவைத் திருப்பி அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டான்.

அப்புறம்தான் விசாரித்தேன். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலங்குகளுக்கான மருந்தும் அதில் அடக்கம். கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு இல்லாதவர் விலங்குக்கு வைத்தியம் பார்ப்பதை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள்; உண்மையான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். பணம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை இல்லை. ஒரு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படி எதையாவது ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் டப்பாவோடு போய்ச் சொல்லுங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், பல வாரம் போன ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. மலம் கறுத்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு நண்பர் ஒரு வீடியோ அனுப்பி, "இது உங்க மணி மாதிரி இருக்கே?" என்று கேட்டார். 'திருநெல்வேலியில் குணமான சிப்பிப்பாறை' என்று மேலே எழுதியிருந்தது. நான் அனுப்பியதுதான். உங்களுக்கும் வரலாம், அதனால் அடையாளம் சொல்கிறேன்: செம்பழுப்பு நிறம், வலது காது நுனியில் வெட்டு, எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம், தரையில் சாக்கு. பின்னால் சுவரோரம் ஒரு நீல வாளி இருக்கும். காலியாக இருக்கும்.